ஒன்பது துண்டு மூளை மாடல்: பெங்களூரில் படிக்கும் நர்சிங், பிசியோ பிள்ளைகள் வாங்கலாமா?

விக்டோரியா ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளிலும், கல்லூரிகளுக்கு லேப் சாமான் போடும் கடைகளிலும் மூளை மாடல் கேட்டால் முதலில் எடுத்து வைப்பது ஒன்பது துண்டு பி.வி.சி. மாடலைத்தான். உண்மையான மனித மூளையின் அளவு, ரத்தக் குழாயோடு சேர்ந்தது, அடியில் ஒரு ஸ்டாண்டு, எண் அட்டை ஒன்று. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து இங்கே பி.எஸ்சி. நர்சிங், பி.பி.டி. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் வருஷ அனாடமியில் நரம்பு மண்டலம்தான் கழுத்தைப் பிடிக்கும் பாடம். படத்தில் பார்த்தது ஸ்பாட்டரில் (மேசையில் வைத்ததைப் பார்த்து அடையாளம் சொல்லும் பரீட்சை) திரும்பி நின்றால் அடையாளம் தெரியாமல் போகும். அதனால் மாடல் தேவைதான். கேள்வி, இந்த மாடல் போதுமா என்பது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூளையின் வெளிப்பரப்பும் அடிப்பக்கமும் ரத்தக் குழாய்களும் படிக்க இது நல்ல மாடல். உள்ளறைகள் படிக்கப் பாதிதான் உதவும். நரம்புப் பாதைகள் இதில் அறவே இல்லை. தண்டுவடம் முகுளத்தோடு (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) வெட்டுப்பட்டு நிற்கிறது. அதற்குத் தனியாகத் தண்டுவட பிளாக் (குறுக்கு வெட்டு மாடல்) வாங்கியே ஆக வேண்டும். ஒருவர் தனியாக வாங்குவதைவிட, ஒரே ரூமில் இருக்கும் நாலு பேர் பணம் போட்டு இரண்டையும் வாங்குவது நல்லது. மூளை மாடலுக்கு மட்டும் 3,500 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் அளவுக்கு இதில் வேலைப்பாடு இல்லை.

துண்டுகள் எப்படிப் பிரிகின்றன என்று பார்ப்போம். நடுவாகப் பிளந்து இடம், வலம் என இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் நாலு துண்டு: முன்மடலும் உச்சிமடலும் சேர்ந்து ஒன்று, பொட்டுமடலும் பின்மடலும் சேர்ந்து ஒன்று, மூளைத்தண்டின் பாதி தலாமஸோடு (மூளை நடுவில் உள்ள சாம்பல் திரள்) சேர்ந்து ஒன்று, சிறுமூளையின் பாதி ஒன்று. ஆக எட்டு. அடியில் வளையமாகக் கிடக்கும் ரத்தக் குழாய்த் தொகுதி ஒன்பதாவது.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் பிரிக்கும் வெட்டு தயாரிப்பாளர் வசதிக்குப் போட்டது. பக்கவாட்டில் ஓடும் சில்வியன் பள்ளம் வரை அது இயற்கையான எல்லையில் போகிறது. அதற்குப் பின்னால் இஷ்டத்துக்குப் போகிறது. பின்மடலுக்கும் உச்சிமடலுக்கும் வெளிப்பரப்பில் தெளிவான பள்ளம் எதுவும் உண்மை மூளையில் கிடையாது. உட்பக்கத்தில் இருக்கும் பெரைட்டோ ஆக்சிபிட்டல் பள்ளத்தின் மேல்நுனியிலிருந்து, கீழ் ஓரத்தில் உள்ள ப்ரீ ஆக்சிபிட்டல் நாட்ச் வரை மனசில் ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சை) மாடலின் வெட்டைக் காட்டி இதுதான் எல்லை என்று சொன்னால் மார்க் போய்விடும்.

பிரிக்கும் வரிசையை மாற்றாதீர்கள். மாடலைத் தலைகீழாகத் திருப்பி, ரத்தக் குழாய்த் தொகுதியை முதலில் கழற்றுங்கள்; மூளைத்தண்டின் முன்னால் நடுவாக ஓடும் பேசிலார் குழாயைப் பிடித்துத் தூக்க வேண்டும், வளையத்தைப் பிடித்து அல்ல. வளையத்தில் மிக மெல்லியது போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் குழாய் (பின்பக்க இணைப்புக் குழாய்). ஒடிவது எப்போதும் அதுதான். அடுத்து சிறுமூளையின் இரு பாதிகள், பிறகு இரண்டு அரைக்கோளங்களையும் நடுவில் விரித்து, கடைசியில் மூளைத்தண்டுத் துண்டுகள். திரும்பச் சேர்க்கும்போது இதற்கு நேர் எதிர். சிறுமூளையைத் திணித்துத் தள்ளுகிறவர்களால்தான் அதன் பிளாஸ்டிக் முளைகள் முறிகின்றன. காந்தம் வைத்த வகையும் கிடைக்கிறது. முளை முறியும் தொல்லை இல்லை, ஆனால் மழைக்காலத்தில் ஹாஸ்டல் அலமாரியில் கிடந்தால் காந்தத்தின் விளிம்பில் துரு கட்டிப் பழுப்பு நீர் வழியும். இரண்டில் முளை வகையே மேல். முறிந்தால் ஒரு துண்டு தீக்குச்சி வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

வெளிப்பரப்பின் வார்ப்பு நன்றாக இருக்கிறது. மடலுக்கு ஒரு நிறம். சென்ட்ரல் சல்கஸ் (முன்மடலையும் உச்சிமடலையும் பிரிக்கும் பள்ளம்) எது என்று தெரிந்துகொள்ள நிறத்தை நம்பாமல் வடிவத்தைப் பாருங்கள்: அந்தப் பள்ளம் மேல் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் உட்பக்கம் இறங்கும், கீழே பெரும்பாலும் சில்வியன் பள்ளத்தைத் தொடாமல் நின்றுவிடும். இந்த மாடலில் கீழ்முனை சரியாக நிற்கிறது, மேல்முனை உட்பக்கம் இறங்கவே இல்லை. இது சின்னக் குறை மாதிரித் தெரியும், அப்படியல்ல. அதற்கு முன்னால் இருக்கும் ப்ரீசென்ட்ரல் கைரஸ் என்ற மேடுதான் எதிர்ப்பக்க உடம்பை அசைக்கும் பகுதி. அதில் முகமும் கையும் வெளிப்பரப்பில், காலும் பாதமும் ஓரத்தைத் தாண்டி உட்பரப்பில். மாடலில் அடித்த சிவப்பு ஓரத்தோடு நின்றுவிடுவதால், காலுக்கான இடமே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. முன்பக்கத்து ஏ.சி.ஏ. (ஆன்டீரியர் செரிப்ரல்) குழாய் அடைத்தால் கால் ஏன் அதிகமாக வலுவிழக்கிறது, நடுவில் போகும் எம்.சி.ஏ. (மிடில் செரிப்ரல்) அடைத்தால் முகமும் கையும் ஏன் முதலில் போகின்றன என்பதற்கு விடை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. வாங்கியதும் சிவப்பு அக்ரிலிக் பெயின்ட் கொஞ்சம் வைத்து உட்பரப்பில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நீட்டிவிடுங்கள். பின்னால் இருக்கும் உணர்வுப் பகுதியின் நீலத்தையும் அப்படியே நீட்டுங்கள்.

பேச்சுக்கான புரோக்கா பகுதியை இந்த மாடலில் இரண்டு பக்கமும் குறித்திருக்கிறார்கள். பாரிஸில் 1861-ல் பால் புரோக்கா பேச்சிழந்த நோயாளியின் மூளையில் காட்டியது இடது முன்மடலை. பெரும்பாலோருக்குப் பேச்சு இடப்பக்கத்தில்தான். வலது பாதியில் இருக்கும் எண்ணை அழித்துவிடலாம்.

இனி அடிப்பக்கம். இந்த மாடலுக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் திரும்பி வருகிறது. இரண்டு வெர்ட்டிப்ரல் குழாய்கள் முகுளத்தின் முன்னால் ஏறி, பான்ஸின் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) கீழ் ஓரத்தில் சேர்ந்து பேசிலார் ஆகின்றன; பான்ஸின் மேல் ஓரத்தில் அது இரண்டு பி.சி.ஏ.-வாக (போஸ்டீரியர் செரிப்ரல்) பிரிகிறது, முன்னாலிருந்து வரும் இன்டர்னல் கரோட்டிடோடு போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் இணைக்கிறது, இரண்டு ஏ.சி.ஏ.-க்களையும் முன்னால் ஒரு குட்டிக் குழாய் இணைத்து வில்லிஸ் வளையம் முடிகிறது. எம்.சி.ஏ. வளையத்தைச் சேர்ந்தது அல்ல. மாடலில் அது வளையத்திலிருந்து விலகிச் சில்வியன் பள்ளத்துக்குள் போவது தெளிவாகத் தெரிகிறது. தொகுதியைத் தனியே கழற்றி மேசையில் வைத்து, எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று சொல்லிப் பாருங்கள். அது வந்துவிட்டால் ஸ்ட்ரோக் பாடம் பாதி வந்த மாதிரி.

இதைவிட நுணுக்கமான ஒன்றும் சரியாக வந்திருக்கிறது. கண்ணை அசைக்கும் மூன்றாவது கிரேனியல் நரம்பு பி.சி.ஏ.-வுக்கும் அதற்குக் கீழே உள்ள சுப்பீரியர் செரிபெல்லார் குழாய்க்கும் நடுவே வெளிவந்து, போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் குழாயை ஒட்டியே முன்னால் போகிறது. அந்தக் குழாய் ஒரு இடத்தில் குமிழியாக வீங்கினால் நரம்பு நசுங்கும். இமை தொங்கும், கண் பாப்பா விரிந்து நிற்கும். வார்டில் டார்ச் அடித்து பாப்பா பார்க்கும்போது எதைத் தேடுகிறோம் என்பது இந்த மாடலைக் கையில் வைத்துக்கொண்டால் புரியும்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் மற்ற கிரேனியல் நரம்புகளில் ஒரு பெரிய தப்பு. பன்னிரண்டு ஜோடியில் மூளைத்தண்டின் பின்பக்கத்திலிருந்து வெளிவருவது நாலாவது நரம்பு ஒன்றுதான். நடுமூளையின் பின்னால், இன்ஃபீரியர் காலிகுலஸ் என்ற மேட்டுக்குக் கீழே கிளம்பி, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். இங்கே அதை மூன்றாவதற்குப் பக்கத்திலேயே முன்பக்கம் ஒரு மஞ்சள் புள்ளியாக வைத்துவிட்டார்கள். அந்தப் புள்ளியை நம்பவே வேண்டாம். ஐந்தாவது பான்ஸின் பக்கவாட்டில் தடித்து வருவது சரி. ஆறு, ஏழு, எட்டு பான்ஸும் முகுளமும் சேரும் வரப்பில் உள்ளிருந்து வெளியாக வரிசையாய் நிற்பதும் சரி. முகுளத்தில் பிரமிடு, ஆலிவு என்ற இரண்டு மேடுகளுக்கு நடுவே பன்னிரண்டு, ஆலிவுக்குப் பின்னால் ஒன்பது, பத்து, பதினொன்று. இதுவும் சரிதான், ஆனால் மூன்றையும் ஒரே கொத்தாக வார்த்திருப்பதால் எண் அட்டை இல்லாமல் பிரித்தறிய முடியாது.

உள்ளே வருவோம். மூளை, தண்டுவடத் திரவம் பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லி. அதாவது தினம் மூன்று தடவைக்கு மேல் புதிதாக மாறுகிறது. அது போகும் வழி மாடலில் விரலுக்குப் பிடிபட வேண்டும்: இரண்டு லேட்டரல் வென்ட்ரிக்கிள் (பக்கத்து உள்ளறைகள்), மன்ரோ துளைகள், மூன்றாவது வென்ட்ரிக்கிள், நடுமூளைக்குள் போகும் சில்வியஸ் கால்வாய், பான்ஸுக்கும் சிறுமூளைக்கும் நடுவே நாலாவது வென்ட்ரிக்கிள், அங்கிருந்து நடுவில் ஒரு மஜெண்டி துளையும் பக்கங்களில் இரண்டு லூஷ்கா துளையும் வழியாக வெளியே. மூளையைச் சுற்றி வந்து உச்சியில் உள்ள பெரிய சிரை வழியாக ரத்தத்தில் கலக்கும்.

இந்த மாடலில் நாலாவது வென்ட்ரிக்கிள் அருமை. சிறுமூளையைக் கழற்றினால் அதன் வைர வடிவத் தரை அப்படியே தெரிகிறது. மூன்றாவது, தலாமஸின் உட்சுவராகத் தெரிகிறது, பரவாயில்லை. லேட்டரல் வென்ட்ரிக்கிள் வெறும் பள்ளம். முன், பின், கீழ் கொம்புகள் எதுவும் இல்லை. கால்வாய்தான் படுமோசம். மூளைத்தண்டின் இடது பாதியில் காடி வெட்டியிருக்கிறார்கள், வலது பாதியில் நீலப் பெயின்ட் கோடு மட்டும். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு ஓர் ஈர்க்குச்சியை விட்டுப் பாருங்கள். நல்ல வார்ப்பில் அது உரசாமல் போகும். இதில் பாதியில் முட்டி நிற்கிறது. உண்மையிலும் அந்தக் கால்வாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். அது அடைந்தால் மேலே உள்ள மூன்று அறைகளும் வீங்கும், கீழே உள்ள நாலாவது வீங்காது. ஸ்கேனில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது இப்படித்தான். அதனால் வலது பாதியில் சின்ன வட்ட அரத்தால் காடி போட்டுக்கொள்வது அவசியம் செய்ய வேண்டிய ரிப்பேர். பி.வி.சி. மெதுவானது, பத்து நிமிஷ வேலை.

நரம்புப் பாதைகளுக்கு எம்ப்ராய்டரி நூல் வாங்கிக்கொள்ளுங்கள், சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்று கண்டு. டேப் ஒட்ட வேண்டாம், பசை மாடலில் ஏறிவிடும். துண்டுகளின் இடுக்கில் செருகினாலே நூல் நிற்கும்.

சிவப்பு நூல் இயக்கப் பாதை. ப்ரீசென்ட்ரல் கைரஸில் தொடங்கி உள்ளே இறக்குங்கள். தலாமஸ் துண்டுக்கும் அரைக்கோளத் துண்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது பாருங்கள், அதற்குள் விடுங்கள். தயாரித்தவர் அதை நினைத்துச் செய்திருக்க மாட்டார், ஆனால் இன்டர்னல் கேப்சூல் என்ற வெள்ளை நார்ப் பட்டையின் பின்கால் உண்மையில் இருக்கும் இடம் அதுவே: உட்பக்கம் தலாமஸ், வெளிப்பக்கம் லென்டிஃபார்ம் நியூக்ளியஸ் என்ற இன்னொரு சாம்பல் திரள். அரைக்கோளம் முழுக்க விசிறியாக விரிந்திருந்த நார்கள் இந்தச் சந்துக்குள் நெருங்கி ஓடுவதால்தான் இங்கே ஒரு சின்ன ரத்தக் கசிவு எதிர்ப்பக்கத்து முகம், கை, கால் எல்லாவற்றையும் ஒரே அடியில் சாய்க்கிறது. பி.பி. கட்டுப்படாதவர்களுக்கு எம்.சி.ஏ.-விலிருந்து கிளம்பும் நூலிழைக் குழாய்கள் வெடிப்பது இந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்து நூல் நடுமூளையின் முன்பக்கத் தூணிலும் பான்ஸின் முன்பாதியிலும் இறங்கி, முகுளத்தின் பிரமிடுக்கு வரும். பிரமிடின் கீழ்முனையில் பெரும்பாலான நார்கள் மறுபக்கம் தாண்டும். மாடல் சரியாக அந்த நடுக்கோட்டில் வெட்டுப்பட்டிருப்பதால் தாண்டும் இடம் தெரியாது. நூலை அந்தப் பிளவின் மேல் எதிர்ப்பக்கம் போட்டுக் காட்டினால்தான் தெரியும்.

நீலம் வலி, சூடு. மஞ்சள் தொடுதல், அதிர்வு, மூட்டு நிலை. நீலம் தண்டுவடத்துக்குள் நுழைந்து ஒன்றிரண்டு கணுவுக்குள் (ஒரு ஜோடி நரம்பு கிளம்பும் மட்டம்) மறுபக்கம் போய்விடும். மஞ்சள் நுழைந்த பக்கத்திலேயே பின்புறமாக முகுளம் வரை ஏறி, அங்கே தாண்டும். தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டால் அடிபட்ட பக்கம் அசைவும் மூட்டு உணர்வும் போகும், எதிர்ப்பக்கம் வலியும் சூடும் தெரியாது. மனப்பாடம் பண்ணினால் பரீட்சையில் இடவலம் மாறிவிடும். நூலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு மாறாது.

இந்த நூல்களைக் கீழே தொடர்வதற்குத்தான் தண்டுவட பிளாக். குறுக்கே வெட்டி ஐந்தாறு மடங்கு பெரிதாக்கிய துண்டு, மரப் பலகையில் பொருத்தியது. மூளையில் சாம்பல் பகுதி வெளியே, வெள்ளை உள்ளே. இங்கே தலைகீழ், நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல், சுற்றிலும் வெள்ளை. பிளாக் வாங்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். கேங்லியான் (நரம்பணுத் திரள்) வீக்கம் பின்வேரில் இருக்க வேண்டும், இரு வேர்களும் சேர்ந்த பிறகு அல்ல. டியூரா, அரக்னாய்டு, பியா மூன்று உறையும் தனித்தனியாக உரிந்து காட்ட வேண்டும். சில மலிவு பிளாக்குகளில் அரக்னாய்டையே விட்டுவிடுகிறார்கள், அப்படியானால் திரவம் ஓடும் இடமே இல்லை. மூன்றாவது, பக்கக் கொம்பு. சிம்பதெடிக் நரம்பணுக்கள் இருக்கும் அந்தச் சின்ன மேடு முதல் மார்புக் கணுவிலிருந்து இரண்டாவது இடுப்புக் கணு வரைதான் உண்டு. அட்டையில் கழுத்துப் பகுதி என்று எழுதிப் பக்கக் கொம்பும் வைத்திருந்தால் வார்த்தவருக்குப் பாடம் தெரியாது என்று அர்த்தம்.

நல்ல பிளாக் ஒன்று கையில் இருந்தால் நோய்களை அதன் மேலேயே விரலால் காட்டலாம். நடுக்கால்வாய் வீங்கினால் முதலில் நசுங்குவது முன்பக்கம் தாண்டும் நீல நார்கள். இரண்டு கையிலும் சுடுவது தெரியாது, தொட்டால் தெரியும். பி12 குறைந்தால் பின்பக்க மஞ்சளும் பக்கவாட்டுச் சிவப்பும் சேர்ந்து கெடும். கண்ணை மூடினால் தள்ளாட்டம் கூடும்.

நீளம் மட்டும் பிளாக்கில் தெரியாது. தண்டுவடம் சுமார் 45 செ.மீ.; பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதல், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு மூன்றாவது வரை இறங்கியிருக்கும். முதுகில் ஊசி போட்டுத் திரவம் எடுப்பது மூன்றுக்கும் நாலுக்கும் அல்லது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்பது இதனால்தான். இரண்டு இடுப்பெலும்பு உச்சிகளையும் சேர்த்துக் கோடு போட்டால் நாலாவது முள்ளெலும்பு வரும். கல்லூரி எலும்புக்கூட்டில் 45 செ.மீ. கயிற்றை மேலிருந்து விட்டுப் பாருங்கள்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது மை. பால்பாயின்ட் பேனாவால் பி.வி.சி.-யில் எழுதினால் மை உள்ளே இறங்கிவிடும், எதாலும் போகாது. நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்தாலும் அச்செழுத்து ஏறும். பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பெயின்ட்டையே கரைக்கும். சோப்புத் தண்ணீர் போதும், வெயிலில் காய வைக்காதீர்கள், முளைகள் கோணிப்போகும்.

ஒன்று மட்டும் எந்த மாடலும் தராது, உண்மை மூளையின் நிறமும் கனமும். 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது உண்மை மூளை. இது உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக். ஹொசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி) வளாகத்தில் நியூரோபதாலஜி துறையின் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்களும் பார்க்கலாம், பதப்படுத்திய மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கவும் விடுகிறார்கள். நாள், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். வாய்ப்புக் கிடைத்தால் நடுமூளையின் குறுக்கு வெட்டைக் கேட்டுப் பாருங்கள். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கறுப்புப் பட்டை நல்ல மூளையில் வெறும் கண்ணுக்கே தெரியும், பார்க்கின்சன் வந்த மூளையில் வெளுத்துப் போயிருக்கும். மாடலில் அங்கே ஒரு கறுப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள்; பெயின்ட் கொஞ்சம் அதிகம்.

கடையில் பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து ஒருமுறை முழுக்கப் பிரித்துச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். சிறுமூளை இரண்டு பாதியும் ஆடாமல் உட்கார வேண்டும். எண் அட்டையை மாடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு மாடலின் அட்டையை உள்ளே போட்டு அனுப்புவது சகஜம், எட்டுத் துண்டு மாடலின் அட்டையில் ரத்தக் குழாய்களுக்கு எண்ணே இருக்காது. பில்லில் ரத்தக் குழாய்த் தொகுதியைத் தனியாகக் குறிப்பிட்டு வாங்குங்கள், ஒடிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் வரவழைக்க அது வேண்டியிருக்கும்.